செயினை இறுக்காதீர்கள்

கோடை மழை ஒன்று பெய்து ஈரம் இறங்கிய மறுநாள், எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் எந்த வழியாகப் போனாலும் இதைப் பார்க்கலாம். பாதி உழுத காட்டில் டிராக்டர் நின்றிருக்கும். ஓட்டுகிற பையன் கீழே இறங்கி, பின்னால் குனிந்து, கலப்பை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினை முறுக்கிக்கொண்டிருப்பான். வரப்பில் நிற்கிற காட்டுக்காரர், "இன்னும் ரெண்டு சுத்து இறுக்கு தம்பி, அப்பத்தான் கலப்பை ஆடாது" என்பார். பையன் இறுக்குவான், ஏறுவான், லீவரைத் தாழ்த்துவான். இருபதடி போவதற்குள் வண்டியின் மூக்கு மறுபடியும் உழுத பக்கமாகத் திரும்பும். பையன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பிடிப்பான். சால் பாம்பு போனது போல நெளியும். வரப்பிலிருந்து அடுத்த வார்த்தை வரும்: "ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவனை வண்டியில ஏத்துனா இப்படித்தான்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இறக்கைக் கலப்பை ஒரு பக்கம் இழுத்தால் செயினை இறுக்க வேண்டும் என்பது ஒன்று. சால் நேராக விழுவது ஓட்டுகிறவன் கையில் இருக்கிறது என்பது மற்றொன்று. எங்கள் ஊரில் படித்தவரும் படிக்காதவரும், வண்டி வைத்திருப்பவரும் வாடகைக்குக் கூப்பிடுபவரும் இதில் ஒரே கருத்துக்காரர்கள். அந்தக் கருத்து தவறு. அதனால் டீசல் வீணாகிறது, டயர் தேய்கிறது, கொழு தேய்கிறது. எல்லாவற்றையும்விட, குற்றமில்லாத ஒருவன் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறான்.

நானும் அப்படித் திட்டு வாங்கியவன்தான். பத்தொன்பது வயதில் கூலிக்கு வண்டி ஓட்டத் தொடங்கினேன். ஒரு நாள் இரண்டு ஏக்கரில் சால் கோணிப்போனதற்காக அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். கை வலியோடு வீட்டுக்கு வந்து, என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்து படுத்தது நினைவிருக்கிறது. பல வருடங்கள் கழித்து ஒரு பழைய மெக்கானிக் அளவு நாடாவை எடுத்து அதே மாதிரி வண்டியின் பின் சக்கரங்களுக்கு இடையில் நீட்டிக் காட்டியபோதுதான், அன்றைக்கு அந்தச் சால் எந்தக் கையாலும் நேராகியிருக்காது என்று புரிந்தது.

இந்தத் தவறான கருத்து எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது முட்டாள்தனத்தில் பிறந்ததில்லை. இரண்டு உண்மையான அனுபவங்களிலிருந்து, அவை பொருந்தாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு வரப்பட்டது.

முதல் அனுபவம் நாட்டுக் கலப்பை. மேழியைப் பிடித்தவன் கை சாய்ந்தால் சால் சாயும். அங்கே நேர்மை கையில்தான் இருந்தது. ஆனால் நம் தாத்தாக்கள் கையை மட்டும் நம்பியவர்கள் இல்லை. ஏர்க்காலில் நுகத்தைப் பூட்டும் இடத்தை முன்னும் பின்னும் மாற்றி ஆழத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். வலத்து மாடு இளைத்து இடத்து மாடு பலத்திருந்தால், பூட்டை நுகத்தின் நடுவிலிருந்து பலத்த மாட்டின் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். இளைத்த மாட்டுக்கு நுகத்தில் நீளம் கூடும், பாரம் குறையும், ஏரும் நேரே போகும். இழுக்கிற இடம் எது, தடுக்கிற இடம் எது, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் மேழியைத் தொட்டார்கள். நாம் மேழியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பூட்டை மறந்துவிட்டோம்.

இரண்டாவது அனுபவம் ஒன்பது கொத்து. தமிழ்நாட்டில் டிராக்டர் வாங்குகிற பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குகிற கலப்பை அதுதான். வண்டியின் நடுவுக்கு இந்தப் பக்கம் நாலு கொத்து, அந்தப் பக்கம் நாலு கொத்து, நடுவில் ஒன்று. இரு புறமும் மண் ஒரே மாதிரி தடுக்கும். செயினை இறுக்கி வைத்தால் அது ஆடாமல் வண்டியின் பின்னாலேயே வரும், கெடுதல் ஒன்றுமில்லை. பத்து வருடம் ஒன்பது கொத்து ஓட்டியவர் ஒரு நாள் இரண்டு கொழு இறக்கைக் கலப்பையை வாங்கிப் பூட்டும்போது, கை தானாகச் செயினுக்குப் போகிறது.

ஆனால் இறக்கைக் கலப்பை வேறு பிறவி. எங்கள் பக்கம் எம்.பி. கலப்பை என்று சொல்கிறார்கள். அது மண்ணை வெட்டி, தூக்கி, வலப்பக்கமாகப் புரட்டிப் போடுகிறது. புரட்டுகிற மண் கலப்பையை இடப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவதற்கென்றே கொழுவுக்குப் பின்னால், உழாத தரையின் பக்கம், நீளமான ஒரு பக்கத்தகடு இருக்கிறது. அது சால் சுவரில் சாய்ந்துகொண்டு உரசிப் போகும். அதுதான் இந்தக் கலப்பையின் சுக்கான். கலப்பை நேராகப் போக வேண்டுமானால் அந்தத் தகடு சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடுவதற்குக் கலப்பைக்குக் கொஞ்சம் அசைய இடம் வேண்டும். செயினை இறுக்குகிறவர் அந்த அசைவைத்தான் கட்டிப்போடுகிறார்.

இனி அளவுக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள். இந்தக் கணக்குத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இரண்டு கொழு, கொழுவுக்கு 12 அங்குல வெட்டு என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் வலச் சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் ஓடும். வலப் பின் டயரின் உள்பக்கம் சால் சுவரை ஒட்டியிருக்கும். ஒரு கொழுவுக்கு மண் கொடுக்கும் எதிர்ப்பு எல்லாம் ஒரே புள்ளியில் சேர்ந்தது போல எடுத்துக்கொண்டால், அந்தப் புள்ளி பக்கத்தகட்டிலிருந்து வெட்டு அகலத்தில் கால்பங்கு தள்ளி, அதாவது 3 அங்குலம் தள்ளி இருக்கும். முதல் கொழு சால் சுவரிலிருந்து 12 அங்குலம் வரை வெட்டுகிறது. ஆகவே அதன் எதிர்ப்பு சுவரிலிருந்து 9 அங்குலத்தில். இரண்டாவது கொழு 24 அங்குலம் வரை வெட்டுகிறது, அதன் எதிர்ப்பு 21 அங்குலத்தில். இரண்டுக்கும் நடு 15. கலப்பை முழுவதையும் மண் பின்னுக்கு இழுப்பது சால் சுவரிலிருந்து 15 அங்குலத்தில்.

இப்போது வண்டியை அளங்கள். பின் டயர் 13.6-28. பின் சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 56 அங்குலம் வைத்திருக்கிறார்கள். டிரெய்லர் இழுக்க வசதி என்று அகட்டி வைத்தது, பிறகு யாரும் மாற்றவில்லை. 56-இல் ஒரு டயர் அகலம் 13.6-ஐக் கழித்தால், உள்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு 42.4. அதில் பாதி 21 அங்குலம் சொச்சம். அதாவது வண்டியின் நடு, சால் சுவரிலிருந்து 21 அங்குலத்தில் இருக்கிறது.

வண்டி இழுப்பது 21-இல். மண் தடுப்பது 15-இல். 6 அங்குலம் வலப்பக்கம் கோணல். வண்டியின் மூக்கு வலப்பக்கம், உழுத மண்ணின் பக்கம் திரும்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

6 அங்குலம் பெரிய விஷயமா என்று கேட்பார்கள். 24 அங்குல அகலம், 6 அங்குல ஆழம் என்றால் ஏறக்குறைய 900 சதுர சென்டிமீட்டர் மண் ஒரே நேரத்தில் வெட்டுப்படுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ எதிர்ப்பு என்று மிதமாக வைத்தாலும் 450 கிலோ. கரிசலில் இது இன்னும் கூடும். அந்த 450 கிலோ, வண்டியின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி நின்று பின்னுக்கு இழுக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர். செயின் இறுகி, கலப்பையும் வண்டியும் ஒரே கட்டையாகிவிட்ட நிலையில், இந்தத் திருகலைச் சமாளிக்க முன் சக்கரங்கள் பக்கவாட்டில் சுமார் 34 கிலோ தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் முக்கால் மூட்டை எடை. காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் வரை, சால் முழுக்க, இடைவிடாமல். இதைத்தான் நாம் அந்தப் பையனின் கையிடம் கேட்கிறோம். முடியாமல் போனால் அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்கிறோம்.

செயினை இறுக்கினால் ஆட்டம் நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது, உண்மைதான். ஆனால் ஆட்டத்துக்குக் காரணமான 6 அங்குலம் அப்படியே இருக்கிறது. அதுவரை பக்கத்தகடும் லிங்குகளும் பகிர்ந்துகொண்ட பாரம் இப்போது செயின், அதன் பிராக்கெட், லிங்க் முனைக் குண்டு, முன் டயர் என்று போய் ஏறுகிறது. பிராக்கெட் போல்ட் அறுகிறது. பட்டறைக்குப் போய்ப் பற்றவைக்கிறோம். அடுத்த கோடையில் மறுபடி அறுகிறது. பற்றவைத்தவன் சரியில்லை என்கிறோம்.

கலப்பையை வண்டியோடு பூட்டும் மூன்று முனை இணைப்பு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை நினைத்தாலே இந்த இறுக்கல் எவ்வளவு தலைகீழான காரியம் என்று தெரியும். அதைக் கொண்டுவந்தவர் அயர்லாந்தின் ஹாரி பெர்குசன். முதல் உலகப் போர் நடந்த 1917-இல், உணவு விளைச்சலைக் கூட்டுவதற்காக அங்கே டிராக்டர் உழவைக் கண்காணிக்கும் வேலை அவரிடம் வந்தது. வண்டி ஒன்றாகவும் கலப்பை வேறொன்றாகவும் சங்கிலியில் இழுபடுவதைப் பார்த்து, இரண்டும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று வருடக்கணக்கில் உழைத்தார். 1925-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1939-இல் அமெரிக்காவில் ஃபோர்டு வண்டியில் வந்த பிறகு அவருடைய இணைப்பு உலகம் முழுக்கப் பரவியது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே செய்கிற மாஸி பெர்குசன் வண்டிகளில் அவர் பெயரே இருக்கிறது.

அந்த இணைப்பின் சூட்சுமம் கீழ் லிங்க் இரண்டின் கோணத்தில் இருக்கிறது. உங்கள் வண்டியின் பின்னால் போய் நின்று பாருங்கள். இரண்டு லிங்குகளும் வண்டியோடு சேரும் இடத்தில் நெருங்கியும், கலப்பையோடு சேரும் இடத்தில் விலகியும் இருக்கும். அவற்றை மனதுக்குள் முன்னோக்கி நீட்டுங்கள். இரண்டு கோடுகளும் முன் அச்சுக்கு அருகில் ஓரிடத்தில் சந்திக்கும். கலப்பை பின்னால் தொங்கினாலும், முன் அச்சருகே ஒரு கயிறு கட்டி இழுப்பது போலவே அது நடந்துகொள்ளும். வண்டி இரண்டு அங்குலம் விலகினால் கலப்பை உடனே உதறாது, மெல்லத் தானாக நடுவுக்கு வரும். முன் சக்கரத்தைத் திருப்பினால் கலப்பை இதமாகப் பின்தொடரும். லிங்குகள் பக்கவாட்டில் அசைந்தால்தான் இது நடக்கும். கலப்பை வேலை ஆழத்தில் இருக்கும்போது இருபுறமும் சுமார் 2 அங்குலம் அசைய இடம் விட்டால் போதும். தூக்கும்போது கலப்பை டயரில் இடிக்காமல் காப்பதற்குத்தான் செயின். உழும்போது அதற்கு வேலை இல்லை.

பவர் ஸ்டியரிங் வந்த பிறகு இந்தத் தவறு மேலும் ஆழமாகப் போய்விட்டது. முன்பு கை வலித்தது, அதனாலாவது ஏதோ கோளாறு என்று தெரிந்தது. இப்போது ஒரு விரலால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். கை வலிக்கவில்லை, ஆகவே கோளாறு இல்லை என்று நினைக்கிறார்கள். அந்த 34 கிலோவை இப்போது ஆயில் பம்ப் தள்ளுகிறது, அவ்வளவுதான். வலப்பக்க முன் டயரின் உள்விளிம்பு சால் சுவரில் உரசி மொட்டையாவதைப் பாருங்கள். கை மறந்ததை டயர் எழுதி வைத்திருக்கும்.

இன்னொரு யோசனையும் டீக்கடைகளில் அடிக்கடி வரும். வண்டிக்குச் சக்தி பத்தவில்லை, பெரிய வண்டி எடுத்தால் சரியாகிவிடும் என்பது. இது கடன் வாங்க வைக்கிற யோசனை என்பதால் இதன்மேல் எனக்குக் கோபம் அதிகம். பெரிய வண்டியில் சக்கரங்களைக் குறுக்கக்கூடிய குறைந்த அளவு பெரும்பாலும் கூடுதல். அதே இரண்டு கொழுக் கலப்பையை அதில் பூட்டினால் கோணல் குறையாது, கூடும். சக்தி அதிகமிருப்பதால் கோணலோடேயே பலவந்தமாக இழுத்துக்கொண்டு போகும். டீசல் காசு கொடுக்காதவருக்கு அது நேராகத் தெரியலாம். பெரிய வண்டி எடுத்தவர் மூன்று கொழுக் கலப்பை எடுக்க வேண்டும். மேலே போட்ட கணக்கையே போட்டுப் பாருங்கள்: 9, 21, 33. நடு 21. 56 அங்குலம் வைத்த வண்டியின் நடுவும் 21. அந்த வண்டியும் அந்தக் கலப்பையும் ஒன்றுக்கொன்று பிறந்தவை. தேவையான குதிரைத்திறன் இருந்தால் அந்தச் சோடி கைவிட்டாலும் நேரே போகும்.

இரண்டு கொழுவோடு இருப்பவர் செய்ய வேண்டியது பின் சக்கரங்களைக் குறுக்குவது. வீல் டிஸ்க்கைத் திருப்பி, ரிம்மை மாற்றிப் பூட்டினால் படிப்படியாக அகலம் குறையும். வண்டிக்கு வண்டி அளவு மாறும், கையேட்டில் படத்தோடு போட்டிருக்கும். 48 அங்குலத்துக்கு வரும் வண்டியில் வண்டி நடு 17 அங்குலத்துக்கு வந்துவிடும், கோணல் 2 அங்குலமாகக் குறையும். அதைப் பக்கத்தகடு தாங்கிக்கொள்ளும். 52 வரைதான் வரும் என்றாலும் 6 அங்குலக் கோணல் 4 ஆகும், வித்தியாசம் நன்றாகவே தெரியும். இரண்டு சக்கரங்களும் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பிப் பூட்டிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தைத் தொடாமல் கலப்பையை மட்டும் இடப்பக்கம் நகர்த்திச் சரிசெய்யப் பார்ப்பவர்களும் உண்டு. அப்போது முதல் கொழுவுக்கும் பழைய சாலுக்கும் நடுவில் உழாத பட்டை நின்றுவிடும்.

வண்டி இழுப்பது ஒரு நோய், கலப்பை கோணலாக நடப்பது வேறு நோய். இரண்டையும் ஒன்றாக்கி ஒரே செயினால் மருந்து போடுவதுதான் பெரிய குழப்பம். இரண்டாவது நோயில் வண்டி நேரே போகும், ஸ்டியரிங் இலகுவாக இருக்கும், ஆனால் பின்னால் இருந்து பார்த்தால் கலப்பைச் சட்டம் நண்டு நடப்பது போல ஒரு பக்கம் சாய்ந்தே வரும். முதல் கொழு ஒரு அகலம், இரண்டாவது கொழு ஒரு அகலம் வெட்டும். இதற்குச் சக்கர அகலம் காரணமில்லை. கலப்பையின் மேல் முனையை வண்டியோடு சேர்க்கும் டாப் லிங்க், வலத் தூக்குக் கம்பியை நீட்டிக் குறுக்கும் லெவலிங் பாக்ஸ், கீழ் லிங்குகள் மாட்டும் குறுக்குத் தண்டு, கொழு என்ற நான்கில் எங்கோ குறை.

டாப் லிங்க்கைப் பற்றி ஒரு பொய் ஊரெல்லாம் உலவுகிறது. ஆழம் வேண்டுமென்றால் டாப் லிங்க்கைக் குறுக்கு என்பார்கள். குறுக்கினால் கலப்பை மூக்கால் குத்தும், உண்மை. அப்படிக் குத்தும்போது பின்பக்கம் தூக்கும். பின்பக்கம் தூக்கினால் பக்கத்தகட்டின் குதி சாலின் அடியையும் சுவரையும் விட்டு எழும்பிவிடும். சுக்கான் தண்ணீருக்கு மேலே நிற்கிற படகை நினைத்துக்கொள்ளுங்கள். வால் ஆட ஆரம்பிக்கும். உடனே செயினை இறுக்குவார்கள். ஆழத்தை ஹைட்ராலிக் லீவர் பார்த்துக்கொள்ளட்டும். டாப் லிங்க்கின் வேலை கலப்பைச் சட்டத்தை முன்னும் பின்னும் மட்டமாக வைப்பது. சரியாக இருந்தால் கடைசிப் பக்கத்தகட்டின் குதி சாலின் அடியில் லேசான கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். கோடே இல்லையென்றால் லிங்க் குறுகியிருக்கிறது. பள்ளம் போட்டு அழுத்தியிருந்தால் நீண்டிருக்கிறது.

அடுத்தது இட வல மட்டம். உழும்போது வண்டி நேராக நிற்பதில்லை, வலச் சக்கரம் சாலுக்குள் இறங்கியிருப்பதால் வலப்பக்கம் சாய்ந்தே ஓடும். வாசலில் சமதரையில் நிற்கும்போது கலப்பையை மட்டம் பார்த்தவர், காட்டில் அதைச் சாய்த்துத்தான் ஓட்டுகிறார். 6 அங்குலம் உழப் போகிறீர்கள் என்றால், வாசலிலேயே இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் 6 அங்குலக் கட்டையின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். இப்போது வண்டி காட்டில் சாய்வது போலவே சாய்ந்து நிற்கும். அந்த நிலையில் லெவலிங் பாக்ஸ் கைப்பிடியைச் சுற்றி, வலப்பக்கத் தூக்குக் கம்பியைக் குறுக்கி, கலப்பைச் சட்டம் தரைக்கு மட்டமாக வரும்வரை தூக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் கொழு ஆழமாகவும் இரண்டாவது கொழு மேலோட்டமாகவும் போகும். உழுத காட்டில் வரிவரியாக மேடு பள்ளம் தெரிவது இதனால்தான்.

குறுக்குத் தண்டைத் திருப்பும் வசதி பல கலப்பைகளில் உண்டு. தண்டைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கலப்பையின் இடம் மாறும். சுற்றினால் கலப்பையின் முகம் மாறும், உழாத தரையைப் பார்த்தோ உழுத மண்ணைப் பார்த்தோ திரும்பும். கலப்பை நண்டு நடை நடந்தால் சுற்ற வேண்டும். முதல் கொழுவின் வெட்டு மட்டும் குறுகலாகவோ அகலமாகவோ வந்து, கலப்பை நேரே நடந்தால் நகர்த்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். டாப் லிங்க், லெவலிங் பாக்ஸ், தண்டு மூன்றையும் ஒரே தடவை மாற்றிவிட்டு எது சரிசெய்தது என்று தெரியாமல் நிற்பது நானே பலமுறை செய்த தவறு.

கொழுவைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். புதுக் கொழுவின் முனை கீழ்நோக்கியும் தரைப்பக்கம் நோக்கியும் சில மில்லிமீட்டர் வளைந்திருக்கும். அந்த வளைவுதான் கலப்பையை மண்ணுக்குள்ளும் சுவரின் பக்கமும் கொண்டுபோகிறது. தேய்ந்து மழுங்கிய கொழுவில் அது இருக்காது. எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் அதற்கு ஈடாகாது. இரண்டு கொழுவில் ஒன்று புதிது ஒன்று பழசு என்றால் இன்னும் மோசம். சட்டிக் கலப்பைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கலப்பையில் பக்கத்தள்ளலைத் தாங்குவது பின்னால் இருக்கிற சால் சக்கரம். அதன் கோணத்தைப் பார்க்காமல் செயினைப் பார்க்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக வைத்துவிட்டு முதல் சாலிலேயே தீர்ப்புச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் சால் ஓட்டும்போது சக்கரங்கள் நான்கும் தரைமேல் இருக்கும். வலச் சக்கரம் இறங்க இன்னும் சாலே இல்லை. நீங்கள் கட்டை வைத்துச் செய்த மட்டம் அங்கே பொருந்தாது, கலப்பை சாய்ந்தே தெரியும். உடனே இறங்கி எல்லாவற்றையும் மாற்றினால் செய்த வேலை போச்சு. வலச் சக்கரம் முழு ஆழச் சாலில் இறங்கி ஓடுகிற மூன்றாவது நடையில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். சிலவற்றில் நியாயமும் இருக்கிறது. எங்கள் செவ்வலில் கல் அதிகம், கொழு கல்லில் ஏறினால் எந்தக் கலப்பையும் உதறும். சரிவான காட்டில் வண்டி தாழ்ந்த பக்கம் இறங்கப் பார்க்கும். பின் டயர் இரண்டில் காற்று ஏற்றத்தாழ்வாக இருந்தாலும் இழுக்கும். இவற்றை மறுக்கவில்லை. சக்கரத்தைக் குறுக்கினால் வண்டி கவிழும் ஆபத்து கூடும் என்பதும் உண்மை. மேடு பள்ளமான கரையோரத்தில் உழுபவர்களும், அதே வண்டியில் பாரம் ஏற்றிய டிரெய்லர் இழுப்பவர்களும் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அகலத்தை அப்படியே விட்டுவிட்டு, மீதிக் கோணலைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். தெரிந்து ஏற்றுக்கொள்வதும், தெரியாமல் ஓட்டுகிறவனைத் திட்டுவதும் ஒன்றில்லை.

நான் ஏற்காத வாதம் ஒன்று உண்டு. நேரமில்லை என்பது. மழை ஈரம் இரண்டு நாளில் போய்விடும், ஒரு நாளைக்கு நாலு காடு ஓட்ட வேண்டும், நாடாவை வைத்துக்கொண்டு யார் நிற்பது என்கிறார்கள். சக்கர அகலம் பருவத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால் வெயிலில் சும்மா நிற்கும் நாளில் செய்கிற வேலை. டாப் லிங்க்கும் லெவலிங் பாக்ஸும் காட்டில் பத்து நிமிட வேலை. வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. சக்கரம் வழுக்கி, சால் கோணி, விட்டுப்போன பட்டையை மறுபடி உழுகிற நேரத்துக்கும் சேர்த்துக் காட்டுக்காரர்தான் பணம் கொடுக்கிறார். நேரமில்லை என்று சொல்கிறவர் அந்த நேரத்தை விலைக்கு விற்கிறவராக இருந்தால், வாங்குகிறவர் ஒரு தடவையாவது நாடாவைக் கேட்கலாம்.

புதுக் கலப்பை வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூ வைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கலப்பையைக் கொடுத்தனுப்புகிறார்கள். எந்த வண்டியில் பூட்டப் போகிறீர்கள், அதன் பின் சக்கரம் எவ்வளவு அகலம் என்று கேட்டு விற்கிற இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்களே கேளுங்கள். வண்டியோடு போய், அங்கேயே கட்டை வைத்து மட்டம் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அடித்துத் திருப்பும் ரிவர்சிபிள் கலப்பை என்றால் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் சரியாக வைத்து, மறுபக்கம் கோணலாகவே ஓடுகிற ரிவர்சிபிள் கலப்பைகள் எங்கள் ஒன்றியத்திலேயே எத்தனையோ ஓடுகின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் ஒரு நடை நேராகவும் ஒரு நடை கோணலாகவும் ஓட்டுவதாகத் திட்டு வாங்குகிறார்கள்.

எங்கள் வண்டியின் இடப்பக்க மட்கார்டின் உள்ளே வெள்ளைப் பெயின்டில் நாலு எண்கள் எழுதி வைத்திருக்கிறேன். பின் சக்கர அகலம், டாப் லிங்க் நீளம், வலத் தூக்குக் கம்பி நீளம், செயினில் விட வேண்டிய இடைவெளி. எனக்குப் பதிலாக யார் ஏறினாலும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கலப்பையைப் பூட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போன சித்திரையில் புதிதாக ஓட்ட வந்த பையன் பழக்கதோஷத்தில் செயினில் கை வைத்தான். எண்ணைப் பார்த்தான். இறுக்கியதை மறுபடி இரண்டு சுற்று தளர்த்திவிட்டு ஏறினான்.